படியெடுத்துப் பயின்ற பேரோவியர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

1879ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். ஸ்பெயின் நாட்டுத் தலைநகராம் மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம். உயரமான, தாடி வைத்த இளைஞர் ஒருவர் தாங்கியின் மேல் கித்தானைச் சாய்த்து வைத்து நிற்கிறார். கையில் வண்ணத் தட்டு. எதிரே சுவரில், ஏறத்தாழ இரண்டு ஆள் உயரமுள்ள பழைய ஓவியம் ஒன்று. அதைப் பார்த்துத் தம் சிறிய கித்தானில் அவர் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஓவியம் பயில்வோர் பழைய படங்களைப் பார்த்து எழுதுவது புதுமையன்று. ஆனால் இந்த இளைஞர் ஓவியம் பயிலத் தொடங்கியவர் அல்லர். அதே ஆண்டில் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற 'சலோன்' கண்காட்சியில், தம் ஆசிரியரை அமர வைத்து அவர் தீட்டிய உருவப்படம் பாராட்டுப் பெற்றிருந்தது. பாரிஸிலேயே இருந்திருந்தால் பணம் படைத்தோர் தம் முகங்களை எழுதித் தரச் சொல்லித் தேடி வந்திருப்பார்கள். இருபத்து மூன்று வயதில் கைக்கெட்டிய அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் படத்துக்கு எதிரே மீண்டும் மாணவனாக வந்து நின்றார். அவர் பெயர் ஜான் சிங்கர் சார்ஜென்ட். அவர் படியெடுத்த படம் வெலாஸ்கெஸ் தீட்டிய 'லாஸ் மெனினாஸ்'. அரசகுமாரியின் தோழிப் பெண்கள் என்பது அதன் பொருள்.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நம் மாணவர் உலகில் 'காப்பி' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. சென்ற ஆண்டு ரெக்கார்டு நோட்டில் ஒரு டைட்ரேஷனின் அளவீடுகளை நண்பனின் நோட்டிலிருந்து வரி பிசகாமல் எழுதினேன். அவன் செய்திருந்த கழித்தல் பிழையையும் வரி பிசகாமல் எழுதியதால் அகப்பட்டுக்கொண்டேன். அந்த வெட்கம் ஆறாத நாட்களில்தான் நூலகத்தில் சார்ஜென்டின் படங்கள் அடங்கிய புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. நானும் படியெடுத்தேன், அவரும் படியெடுத்தார். நடுவில் இருக்கும் வேறுபாடு என்ன என்று அறிய வேண்டும் என்ற ஆசைதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

சார்ஜென்டின் தந்தையார் ஃபிட்ஸ்வில்லியம், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் கண் அறுவை மருத்துவர். தாயார் மேரி நியூபோல்ட் சிங்கர். தம் முதற்குழந்தை 1853இல் இறந்துபோன துயரில் நலிந்த தாயாரின் உடல் தேறுவதற்காக 1854இல் இருவரும் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்கள். சிறிது காலம் தங்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். திரும்பவே இல்லை. 1856 ஜனவரி 12ஆம் நாள் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் ஜான் பிறந்தார். குளிர் காலத்தில் ஓர் ஊர், கோடையில் ஓர் ஊர் என்று குடும்பம் அலைந்துகொண்டே இருந்தது. வந்த மருத்துவத் தொழிலும் போய், மனைவிக்கு அவர் வீட்டார் வைத்துச் சென்ற பணத்தில் சிக்கனமாகக் காலம் கழிந்தது.

ஆகவே பள்ளிப் படிப்பு என்று தொடர்ந்து ஒன்றும் அவருக்கு வாய்க்கவில்லை. கணக்கும் பூகோளமும் தந்தையிடம் கற்றார். ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகள் ஊர் ஊராகப் போனதில் வந்தன. பியானோ நன்றாக வாசிப்பார். மகன் அமெரிக்கக் கடற்படையில் சேர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தாயாரோ தாமே நீர்வண்ணம் தீட்டுகிறவர். நாள் ஒன்றுக்கு எத்தனை படம் வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆனால் ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம் என்பார்கள். கப்பல்களைப் பார்க்கப் போன பையன் கப்பல்களை வரைந்துகொண்டு வந்தான். தந்தை விட்டுக்கொடுத்தார். தம் சொந்த நாடான அமெரிக்காவின் மண்ணை ஜான் முதன்முதலாக மிதித்தது 1876இல், இருபதாம் வயதில்.

1874 மே மாதத்தில் பதினெட்டு வயது மகனைத் தந்தை பாரிஸுக்கு அழைத்து வந்தார். அங்கே கரோலஸ் டுரான் என்ற ஓவியர், இளைஞர்கள் சிலருக்குப் பயிற்சிக்கூடம் நடத்திவந்தார். சுருட்டிக் கொண்டுவந்த வரைபடங்களையும் வண்ணப் படங்களையும் தரையில் விரித்துக் காட்டியதும் கூடியிருந்த மாணவர்கள் வியந்து சூழ்ந்துகொண்டார்கள் என்று அந்தக் கூட்டத்தில் இருந்தோர் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் அன்றே சேர்த்துக்கொண்டார்.

கரோலஸ் டுரானின் பாடமுறை அக்காலப் பாரிஸில் பலர் புருவத்தை உயர்த்தச் செய்தது. அரசாங்கக் கலைப்பள்ளியில் மாணவன் முதலில் ஆண்டுக்கணக்கில் கரித்துண்டால் கோடு வரைந்து பழக வேண்டும். வண்ணம் தொடுவது பிறகுதான். சார்ஜென்ட் அந்தப் பள்ளியின் நுழைவுத் தேர்விலும் வெற்றி பெற்று அங்கும் பயின்றார். கரோலஸோ நேரே தூரிகையைக் கையில் கொடுத்துவிடுவார். முகம் ஒன்றை எழுதும்போது கண், மூக்கு, வாய் என்று தொடங்கக் கூடாது. வெளிச்சமும் அல்லாத இருளும் அல்லாத இடைப்பட்ட நிறம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பரப்புகளைத் தட்டையாக வைக்க வேண்டும். அதிலிருந்து ஒரு படி இருட்டு, ஒரு படி வெளிச்சம் என்று நகர வேண்டும். மிக அடர்ந்த கருமையும் பளிச்சென்ற வெண்மையும் கடைசியில், ஓரிரு தீற்றல்களாக மட்டும். வைத்த தீற்றலை மீண்டும் மீண்டும் தடவக் கூடாது. தவறிப்போனால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் வைக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் சார்ஜென்ட் இப்படிச் சுரண்டி எடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரே மூச்சில் எழுதியவை போலத் தோன்றும் அவர் படங்கள் பலவற்றின் அடியில் பல நாள் உழைப்பு சுரண்டப்பட்டுக் கிடக்கிறது.

ஏன் தடவக் கூடாது? இதற்கு விடை வேதியியலில் இருக்கிறது என்பதால் சிறிது விலகிச் செல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். எண்ணெய் வண்ணம் என்பது நிறப்பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைத்தது. நீர்வண்ணத்தில் நீர் ஆவியாகிப் போவதுபோல இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகள் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வலை போன்ற கெட்டியான படலம் ஆகின்றன. காய்ந்த பிறகு எடை குறைவதற்குப் பதில் கூடுகிறது என்றால் நம்பமுடிகிறதா? இதற்கு நாள் கணக்கில் ஆகும். அதுவரை வண்ணம் ஈரமாகவே இருப்பதால் ஒரு நிறத்தின் ஓரத்தை மற்றொரு நிறத்தின் ஓரத்தோடு மெல்ல இணைக்க முடியும். கன்னத்தின் வளைவும் பட்டின் மினுமினுப்பும் கிடைப்பது இதனால்தான். அதே காரணத்தால் கொஞ்சம் அதிகமாகத் தடவினால் எல்லா நிறமும் கலந்து சேறாகிவிடும். ஆகவே எண்ணெய் வண்ணத்தில் கை தேர்ந்தவன் என்றால், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்தவன் என்று பொருள்.

இந்தக் கலையில் கரோலஸ் தெய்வமாகக் கொண்டாடியவர் ஒருவர் உண்டு. ஸ்பெயின் அரசன் நான்காம் பிலிப்பின் அரண்மனை ஓவியர் டியேகோ வெலாஸ்கெஸ் (1599-1660). கரோலஸ் தாமும் 1860களில் ஸ்பெயினுக்குச் சென்று அவர் படங்களின் முன் பயின்றவர். வெலாஸ்கெஸைப் படியுங்கள் என்று மாணவர்களிடம் ஓயாமல் சொல்லுவார். சார்ஜென்ட் பாராட்டுப் பெற்ற அந்த உருவப்படம், ஆசிரியரை ஆசிரியரின் பாணியிலேயே எழுதிய படம். அதற்குமேல் அந்தப் பாதையில் போனால் சின்னக் கரோலஸ் ஆகலாம். அவ்வளவுதான். ஆசிரியருக்கு ஆசிரியராக இருந்தவரிடமே நேரே போய்விடுவது என்று அவர் முடிவு செய்தது இதனால்தான் என்பது என் கருத்து. நண்பர்களான பிரெஞ்சு ஓவியர்கள் இருவருடன் ஸ்பெயினுக்குப் புறப்பட்டார்.

இனி அந்தப் படத்தைப் பார்ப்போம். 1656இல் எழுதப்பட்டது. மாட்ரிட்டில் இருந்த அல்காசர் அரண்மனையின் ஓர் அறை. நடுவில் ஐந்து வயது அரசகுமாரி மார்கரீட்டா, வெள்ளி நிற உடையில். இரு பக்கமும் இரண்டு தோழிப் பெண்கள். ஒருத்தி மண்டியிட்டுச் சிறிய சிவப்புக் குவளையை நீட்டுகிறாள். வலப்புறம் குள்ள உருவினர் இருவர். அவர்களில் ஒருவன் படுத்திருக்கும் நாயின் மேல் காலை வைத்திருக்கிறான். அவர்களுக்குப் பின்னால் நிழலில் ஒரு பெண்மணியும் ஒரு காவலரும். இடப்புறம் பெரிய கித்தான் ஒன்றின் முதுகுப்புறம் தெரிகிறது. அதன் முன் தூரிகையோடு வெலாஸ்கெஸே நிற்கிறார். அறையின் கோடியில் திறந்த கதவு. படிக்கட்டில் ஒருவர் போவதா வருவதா என்று தெரியாமல் நிற்க, அவர் பின்னே வெளிச்சம். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. அதில் மங்கலாக இருவர்: அரசனும் அரசியும்! அப்படியானால் அவர்கள் நிற்பது எங்கே? படத்துக்கு வெளியே, நாம் நிற்கும் இடத்தில். ஓவியர் எழுதிக்கொண்டிருப்பது அவர்களையா, வேறெதையா? முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் படியெடுக்க உட்காருகிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது கண்ணாடியோ அரசகுமாரியோ அல்ல என்று நினைக்கிறேன். படத்தின் மேல் பாதியில் மனிதர் எவருமே இல்லை. உயர்ந்த கூரை, விளக்குத் தொங்கவிடும் கொக்கி, சுவரில் இருளில் அமிழ்ந்த படங்கள். அவ்வளவு பெரிய கித்தானில் பாதியை ஒன்றுமில்லாத இருட்டுக்குக் கொடுத்திருக்கிறார் வெலாஸ்கெஸ். மனிதர்கள் எல்லாம் கீழே, ஆழக்குளத்தின் அடியில் நிற்பவர்களைப்போல நிற்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகிறவர் முகங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். படியெடுப்பவனோ அந்த இருட்டையும் ஒவ்வொரு சாணாக எழுதியாக வேண்டும். எழுதும்போதுதான் அது ஒரே கருப்பு அல்ல, பழுப்பும் சாம்பலும் பசுமை கலந்த கருமையும் சேர்ந்த காற்று என்று கைக்குத் தெரியும்.

இன்னொன்று. அரசகுமாரியின் உடையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அங்கே உடை இல்லை. பெரிதாக்கிய படத்தில் நானும் பார்த்தேன். வெள்ளையும் சாம்பலும் கருப்புமாகத் தாறுமாறான தீற்றல்கள். மார்பில் உள்ள சிவப்பு ரிப்பன் நாலைந்து பூச்சு. பின்னால் நகர்ந்தால் அவை சரிகையாகவும் ரிப்பனாகவும் கூடிக்கொள்கின்றன. இதை எப்படிப் படியெடுப்பது? ஒவ்வொரு தீற்றலையும் எண்ணி எண்ணி அதே இடத்தில் வைத்தால் அது என் ரெக்கார்டு நோட்டு. அதிலும் சார்ஜென்டின் நகல் மூலத்தைவிட மிகச் சிறியது. அங்கே ஒரு முழம் ஓடும் தூரிகைத் தடம் இங்கே விரல் நீளத்துக்குள் அடங்க வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு இடத்திலும் அவரே முடிவு செய்தாக வேண்டும். வெலாஸ்கெஸ் என்ன வைத்தார் என்பதோடு நில்லாமல், ஏன் வைத்தார் என்று கேட்டால் ஒழிய அந்த நகலை முடிக்க முடியாது. அதன் அச்சுப் படத்தைப் பார்த்தால் முகங்கள் சில வெறும் வண்ணப் பொட்டுகளாக இருக்கின்றன. ஆனால் அறை இருக்கிறது. அறைக்குள் காற்று இருக்கிறது. கோடியில் கதவு திறந்திருக்கிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். சார்ஜென்ட் கண்ட 'லாஸ் மெனினாஸ்' நாம் இன்று காணும் படம் அன்று. படங்களின் மேல் பூசப்படும் பழைய வார்னிஷ் மரப்பிசினால் ஆனது. அதுவும் காற்றோடு வினைபுரிந்து காலப்போக்கில் மஞ்சளாகும். இந்தப் படத்தின் மேல் படிந்திருந்த மங்கலை ஜான் பிரீலி என்ற வல்லுநர் 1984இல் நீக்கிச் சுத்தம் செய்தார். ஆக, சார்ஜென்ட் நெஞ்சைப் பறிகொடுத்த பொன்னிற இருளில் ஒரு பங்கு வெலாஸ்கெஸ் தீட்டியது. மறு பங்கு கிழடான பிசின் தீட்டியது! நண்பனின் பிழையைப் படியெடுத்த எனக்கு இதில் ஓர் அற்ப ஆறுதல் உண்டு.

பிராடோவில் இந்த ஒரு படத்தோடு அவர் நிற்கவில்லை. நூல் நூற்கும் பெண்கள் நிறைந்த மற்றொரு உள்ளறைக் காட்சி, நாயோடு நிற்கும் குள்ளரின் படம், ஈசாப்பின் தலை என்று வெலாஸ்கெஸின் படங்கள் பலவற்றைப் படியெடுத்தார். அங்கிருந்து மொராக்கோ. 1880இல் ஹாலந்து நாட்டு ஹார்லெம் நகருக்குப் போய் பிரான்ஸ் ஹால்ஸ் தீட்டிய குழுப் படங்களிலிருந்து படியெடுத்தார். பிறகு வெனிஸ். அங்கே அவர் எழுதிய வீட்டின் உட்புறப் படங்களில், நீண்ட இருண்ட கூடமும், கோடியில் ஒரு துண்டு வெளிச்சமும், சுவரோரம் மணி கோக்கும் ஏழைப் பெண்களுமாக, மாட்ரிட்டில் கை பழகியது எங்கே போயிற்று என்று தெரிகிறது.

முழு விளைச்சல் வந்தது 1882இல். எட்வர்ட் டார்லி பாய்ட் என்ற அமெரிக்கர் பாரிஸில் குடியிருந்தார். அவரும் ஓவியர், சார்ஜென்டின் நண்பர். அவருக்கு நான்கு பெண்கள். பதினான்கு வயது பிளாரன்ஸ், பன்னிரண்டு வயது ஜேன், எட்டு வயது மேரி லூயிசா, நான்கு வயது ஜூலியா. நான்கு பெண்களை ஒரே படத்தில் எழுதச் சொன்னால் அக்கால ஓவியர் என்ன செய்வார்? ஒரு சோபாவில் சேர்த்து உட்கார வைத்து, மூத்தவள் மடியில் இளையவளை அமர்த்தி, கையில் ஒரு பூங்கொத்தையும் கொடுப்பார். நம் ஊர் ஸ்டூடியோவிலும் அதுதானே நடக்கிறது!

சார்ஜென்ட் அப்படிச் செய்யவில்லை. கித்தானை ஏறத்தாழச் சதுரமாக எடுத்துக்கொண்டார். பக்கத்துக்கு இரண்டேகால் மீட்டர் அளவு. பாய்ட் வீட்டின் முன்கூடம். ஜூலியா மட்டும் முன்னால் கம்பளத்தில் கால் நீட்டி, பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இடப்புறம் ஓரமாக மேரி லூயிசா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தனியே நிற்கிறாள். பெரியவர்கள் இருவரும் உள்ளே, இருட்டு தொடங்கும் இடத்தில். அவர்களைவிட உயரமான, நீலமும் வெள்ளையுமான இரண்டு ஜப்பானியப் பீங்கான் சாடிகள். மூத்தவள் அவற்றில் ஒன்றின் மேல் சாய்ந்து, முகத்தைப் பாதி திருப்பி நிழலில் கரைந்துகொண்டிருக்கிறாள். வலப்புறம் சிவப்புத் திரைத்தட்டி ஒன்று கத்திபோல நிற்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் தரையும் இருட்டும்தான்.

1883 சலோனில் இதைக் கண்ட விமரிசகர்கள் சிலர் குழம்பிப்போனார்கள். நான்கு மூலைகளும் நடுவில் ஒரு வெற்றிடமும் என்று ஒருவர் ஏளனம் செய்தார். எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ் பின்னர் இதை வியந்து எழுதினார்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். அரசகுமாரி இங்கே இல்லை, குள்ளர் இல்லை, நாய் இல்லை, தூரிகையோடு நிற்கும் ஓவியர் இல்லை. ஓர் உருவத்தைக்கூட அவர் அங்கிருந்து எடுக்கவில்லை. எடுத்தது அந்த அறையை. பக்கத்திலிருந்து விழும் ஒளி, முன்னே ஒருத்தி பின்னே ஒருத்தி என்று ஆழத்தில் நிறுத்துவது, நம்மை நேரே பார்க்கும் பிள்ளைக் கண்கள், பாதிக் கித்தானை இருளுக்குக் கொடுக்கும் துணிச்சல். பின்னறையில் ஒரு கண்ணாடிகூட மின்னுகிறது. அங்கேதான் நான் நின்றுவிட்டேன். வெலாஸ்கெஸின் கண்ணாடியில் பெண்ணின் தாயும் தந்தையும் தெரிகிறார்கள். பிள்ளையை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சார்ஜென்டின் கண்ணாடியில் எவரும் இல்லை. ஒரு சன்னலின் வெளிச்சம் மட்டும் துண்டாக மினுங்குகிறது. அந்தப் பெண்கள் பெரிய வீட்டில், விலையுயர்ந்த சாடிகளுக்கு நடுவில், ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியே வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஊர் ஊராக, வாடகை வீடு வாடகை வீடாக வளர்ந்த சார்ஜென்டுக்கு அந்தத் தனிமை புரிந்திருக்கும் என்று சொன்னால் பிழையாகாது. பாய்ட் குடும்பமும் அவர் குடும்பத்தைப் போலவே கடல் கடந்து வந்து அங்குமிங்குமாக வாழ்ந்த குடும்பம். நால்வரில் ஒருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பது பின்கதை.

இதற்குப் பிறகு அவர் வாழ்க்கை எல்லோரும் அறிந்தது. 1884 சலோனில் 'மேடம் எக்ஸ்' என்று பின்னர் பெயர் பெற்ற படம், ஒரு தோள்பட்டி நழுவியிருந்ததால் பாரிஸையே சீறச் செய்தது. பட்டியை மேலேற்றித் திருத்தி எழுதியும் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. 1886இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த இருபது ஆண்டுகள் பிரபுக்களும் கோடீசுவரர்களும் அவர் வாசலில் காத்து நின்றார்கள். அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் படங்களில் எனக்கு அவ்வளவு பற்று வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சில படங்களில் சாட்டின் துணிதான் பேசுகிறது, உடுத்தியவர் பேசவில்லை. அவருக்கே சலித்துவிட்டது போலும். 1907இல் உருவப்படத் தொழிலை ஏறக்குறையக் கைவிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்து தந்த 'சர்' பட்டத்தையும், தாம் அமெரிக்கக் குடிமகன் என்று கூறி மறுத்துவிட்டார். பாஸ்டன் பொது நூலகத்தின் சுவரோவியங்கள் 1890 முதல் 1919 வரை அவர் உழைப்பை வாங்கின. 1918இல் அறுபத்திரண்டு வயதில் போர்முனைக்குப் போய்க் கண்டதை, நச்சுவாயுவால் கண் தெரியாமற்போன வீரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி நடக்கும் ஆறு மீட்டர் அகலப் படமாக 1919இல் தீட்டி முடித்தார்.

நடுவில் ஒரு சிறு செய்தி. வெனிஸில் ஒரு பழைய மாளிகையில் தமக்கு விருந்தளித்த கர்ட்டிஸ் குடும்பத்தினர் நால்வரை, அவர்கள் கூடத்தின் பெரும் இருளுக்குள் வைத்துச் சிறிய படம் ஒன்றை எழுதி, அந்த வீட்டு அம்மையாருக்கே பரிசாகக் கொடுத்தார். தம்மை வயதானவராகக் காட்டிவிட்டது என்று அம்மையார் மறுத்துவிட்டார்! அப்படம் லண்டன் ராயல் அகாடமிக்குப் போயிற்று. நாற்பது வயது கடந்த பின்பும் மாட்ரிட் அறையின் இருள் அவரை விடவில்லை. முகங்கள் அதில் சின்னஞ்சிறியவை, கூடம்தான் கதாநாயகன்.

ஓவியம் கற்க வழி கேட்டு வந்தவர்களுக்கும் அவர் காட்டிய வழி தாம் நடந்த வழியே. முதலில் ஹால்ஸைப் படியெடுங்கள், பிறகு மாட்ரிட் சென்று வெலாஸ்கெஸைப் படியெடுங்கள் என்பதே அவர் அறிவுரை.

1925 ஏப்ரல் 15ஆம் நாள் லண்டனில் தம் வீட்டில், படுக்கையருகே ஒரு புத்தகம் இருக்க, உறக்கத்திலேயே சார்ஜென்ட் காலமானார். அவ்வாண்டு ஜூலையில் அவருடைய பொருட்கள் கிறிஸ்டி நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தபோது, வெலாஸ்கெஸைப் பார்த்து எழுதிய நகல்களும் அவற்றுள் இருந்தன. தாம் தீட்டிய நூற்றுக்கணக்கான முகங்களை ஊரெங்கும் விற்றவர், மாணவனாக நின்று எழுதிய இந்தப் படங்களை நாற்பத்தைந்து ஆண்டுகளாகத் தம்மிடமே வைத்திருந்தார்.

பாய்ட் பெண்களின் படத்தை, தந்தையின் நினைவாக நான்கு மகள்களும் 1919இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அந்த இரண்டு பீங்கான் சாடிகளும் பின்னர் அங்கேயே வந்து சேர்ந்தன. 2010ஆம் ஆண்டு அந்தப் படம் அட்லாண்டிக் கடல் தாண்டி மாட்ரிட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, பிராடோவில் 'லாஸ் மெனினாஸ்' படத்துக்குப் பக்கத்திலேயே சில மாதங்கள் வைக்கப்பட்டது. சார்ஜென்ட் தாங்கியோடு வந்து நின்று அப்போது நூற்று முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.